ஊசி போட்ட பிறகு பேசக் கூடாது

இது கதை இல்லை. நடந்தது. இந்த வருஷம் மே மாதம் இருபத்து மூன்றாம் தேதி, காலை பத்து மணி பத்தொன்பது நிமிடத்துக்கும் பதினோரு மணி இரண்டு நிமிடத்துக்கும் நடுவில் நடந்தது. பட்டப்பகல். வெளியே கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பேய் என்றால் அமாவாசை இருட்டில்தான் வரும், வெள்ளைச் சேலை கட்டி, கொலுசு போட்டுக்கொண்டுதான் வரும் என்று நினைக்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டாம். போய் வேறு வேலை இருந்தால் பாருங்கள்.

நான் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்கிறவள். கமலவேணி அங்கே ஏலம் கூறுகிறவள். குருசுக்குப்பத்துக்காரி. எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாளாவது நான் கை நீட்டிய கூடையை அவள் எனக்கு மனசார விட்டுக் கொடுத்திருப்பாளா? மாட்டாள். அப்படிப்பட்டவளுக்காக நான் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது? நடந்ததில் பாதியை அவளிடமிருந்தே தெரிந்துகொண்டேன். மீதியை அவளுடைய நாத்தனார் மேனகாவிடமும், ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கும் பூவிழி என்கிற பெண்ணிடமும் துருவித் துருவிக் கேட்டேன். மூன்று பேர் சொன்னதும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போனது. அதற்கப்புறம்தான் எனக்குத் தூக்கம் போனது.

கமலவேணிக்குச் சொத்து, சோறு, மரியாதை எல்லாமே அவள் தொண்டைதான். அடேயப்பா, அது என்ன குரல்! ஐம்பது விசைப்படகு இன்ஜின் ஓடட்டும், ஐஸ் உடைக்கிற மெஷின் அலறட்டும், நூறு பேர் ஒரே நேரத்தில் கத்தட்டும்… அவள் "ஒரு தரம்" என்று எடுத்தால் துறைமுகத்தின் அந்தக் கோடியில் இருக்கிறவனும் திரும்பிப் பார்ப்பான். புருஷன் போன பிறகு இருபத்திரண்டு வருஷம் அந்தக் குரலை வைத்துத்தான் வீட்டைத் தூக்கி நிறுத்தினாள். கட்டிக்கொடுத்த இடத்தில் வாழாமல் திரும்பி வந்த நாத்தனாருக்கும் அந்தக் குரல்தான் சோறு போட்டது.

போன வருஷம் செப்டம்பரில் அந்தத் தொண்டையிலேயே ஒரு கட்டி. தைராய்டு என்றார்கள். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். எடுத்ததைப் பரிசோதித்துவிட்டு டாக்டர் முகத்தைத் தொங்கப் போட்டார். புற்றுநோய். அதிலும் அபூர்வமான ரகம், தைராய்டுப் புற்றுநோய் வருகிற நூறு பேரில் மூன்று நாலு பேருக்குத்தான் வரும் என்றார். "அந்தக் கடவுள் எனக்குன்னு தனியா பொறுக்கி எடுத்து வெச்சிருக்கான் பாருங்க" என்று கமலவேணி சிரித்தாளாம். அழுத்தக்காரி.

கட்டியை எடுத்ததும் ரத்தத்தில் ஒரு கணக்கு இறங்க வேண்டும். இறங்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தார்கள். ஏறிக்கொண்டே போனது. அப்படியென்றால் நோய் உடம்புக்குள் வேறு எங்கேயோ போய் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கே? கழுத்தில் ஸ்கேன், நெஞ்சில் ஸ்கேன், வயிற்றில் ஸ்கேன்… எதிலும் தெரியவில்லை. எட்டு மாதமாக அவள் உடம்புக்குள் திருடன் ஒளிந்திருந்தான், ஒருத்தராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"பெட் ஸ்கேன் எடுத்துடலாம்மா" என்றார் டாக்டர். "சர்க்கரையில கதிர்வீச்சு மருந்து கலந்து ஊசி போடுவாங்க. நோய் இருக்கற எடம் அந்தச் சர்க்கரைய வேகமா இழுத்துக்கும். படத்துல பளிச்சுன்னு எரியும். ஒரு எடத்துல சின்னதா இருந்தா வெட்டி எடுத்துடலாம்."

"பெருசா இருந்தா?"

"குரல்வளைக்குப் போயிருந்தாத்தான் கஷ்டம். குரல்வளையவே எடுக்க வேண்டியிருக்கும்."

"பேச்சு?"

டாக்டர் ஸ்கேனுக்குச் சீட்டு எழுத ஆரம்பித்தார். சாவுக்கு அவள் பயப்படவில்லை. வாய் செத்துப்போய் உடம்பு மட்டும் உயிரோடு இருப்பதற்குத்தான் பயந்தாள்.

மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் எடுத்துவிடலாம் என்று நாள் குறித்தாள். படகெல்லாம் கட்டிக் கிடக்கிற நேரம். ஏலமும் கிடையாது.

அந்தச் சென்டர் ஊருக்கு வெளியே, விழுப்புரம் போகிற சாலையில் இருக்கிறது. பேர் வேண்டாம். காலை ஒன்பது மணிக்குப் போனார்கள். வாசலிலேயே காவலாளி எரிந்து விழுந்தான். மேனகா ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டாள். "நீ பட்டினி கெடக்கணும்னு சொன்னாங்க சரி அண்ணி, என்னை ஏன் பட்டினியா இஸ்துக்கினு வந்த?" கமலவேணியும் சும்மா இல்லை. "போயி தின்னுட்டு வா. எனக்கு வாய்க்கரிசி போடுறதுக்குத் தெம்பு வேணும்ல உனக்கு" என்றாள். அன்றைக்கு எல்லோருக்கும் எல்லோர் மேலும் கோபம்.

உள்ளே பூவிழி. இருபத்தைந்து வயது இருக்கும். கையில் ரப்பர் உறை, முகத்தில் சிடுசிடுப்பு. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். நரம்பில் ஊசிக்குழாய் செருகினாள். பிறகு கறாராகச் சொன்னாள்.

"ஊசி போட்டப்புறம் ஒரு மணி நேரம் தனியா படுத்திருக்கணும். போன் கூடாது. அசையக் கூடாது. முக்கியமா பேசக் கூடாது. பாட்டு, முணுமுணுப்பு, சாமி மந்திரம் ஒண்ணும் கூடாது. வாயே தொறக்கக் கூடாது."

"ஏன் கண்ணு?"

"பேசினா தொண்டையில இருக்கற தசை அந்தச் சர்க்கரைய இழுத்துக்கும். படத்துல எரியும். அப்புறம் அங்க நோய் இருக்குதுன்னு நெனச்சி…" பூவிழி பாதியில் நிறுத்திவிட்டாள்.

"நெனச்சி?"

"ஒண்ணும் இல்ல. பேசாதீங்க. அவ்ளோதான்."

பத்து ஐந்துக்கு ஊசி ஏறியது. கை முழுக்கச் சில்லென்று ஓடியது. மேனகாவை வெளியே அனுப்பிவிட்டார்கள். கதிர்வீச்சு ஏறிய உடம்பின் பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது.

அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. சுவருக்குள்ளும் கதவுக்குள்ளும் ஈயத் தகடு. இரண்டு சாய்வு நாற்காலி, நடுவில் தரைக்கு ஒரு முழம் மேலே நிற்கிற பச்சைத் துணித் தடுப்பு. மூலையில் ஒரு கேமரா. எதிரே சுவரில் ஒரு கடிகாரம். பூவிழி அவளைப் படுக்க வைத்து, போர்வை போர்த்தி, வலது கையில் மணி அடிக்கிற பொத்தானைக் கொடுத்தாள். "ஏதாவதுன்னா அழுத்துங்க. கேமராவுல பாத்துக்கிட்டுதான் இருப்பேன்." போய்விட்டாள். கதவு மூடியது.

தொம்.

அந்தக் கதவு சத்தம் போடாமல் மூடாது, திறக்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து பன்னிரண்டு. ஏசி சத்தம் மட்டும். கிர்ர்ர்… குளிர் எலும்பைத் தொட்டது. கமலவேணி கண்ணை மூடினாள். இன்றைக்கு எப்படியும் திருடன் பிடிபட்டுவிடுவான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மனசுக்குள்தான். உதடு அசையவில்லை.

பத்து பத்தொன்பது.

சரக்… சரக்…

யாரோ காலைத் தேய்த்து நடக்கிற சத்தம். தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி முனகியது. வேறு நோயாளியைக் கொண்டுவந்து படுக்க வைக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தாள். அப்புறம்தான் உறைத்தது. கதவு திறந்த சத்தமே கேட்கவில்லையே.

மெதுவாகக் கண்ணை மட்டும் திருப்பினாள்.

தடுப்புக்குக் கீழே இரண்டு பாதம். வெறும் பாதம். வெளுத்து, ஊறிப்போன மாதிரி. நாற்காலியில் சாய்ந்திருப்பவளுக்குக் கால் தரையில் எதற்கு இருக்க வேண்டும்? அந்தப் பாதங்கள் நின்றுகொண்டிருந்தன. விரலெல்லாம் இவள் பக்கம் பார்த்துக்கொண்டு.

புஸ்…

புஸ்…

மூச்சு. ஆனால் மூக்கிலிருந்து வருகிற மூச்சு இல்லை. சைக்கிள் ட்யூபில் ஓட்டை விழுந்தால் வருமே, அந்தச் சத்தம்.

"அக்கா…"

குரல் இல்லை அதில். வெறும் காற்றுப் பேச்சு.

"அக்கா… எந்த ஊரு நீ?"

கமலவேணி பல்லைக் கடித்துக்கொண்டாள். பேசக் கூடாது.

"பேச மாட்டியா?… பேசக் கூடாதுன்னு சொல்லிட்டாளா அவ?"

புஸ்…

"என்கிட்ட யாரும் சொல்லல."

பத்து இருபத்தேழு. அது பேசிக்கொண்டே இருந்தது. பயமாக இருந்ததாம். தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். அழுதுகொண்டே பேசினதாம், பெற்ற பிள்ளையின் பேரைச் சொல்லிச் சொல்லிப் பேசினதாம், ஒரு மணி நேரமும். "எரிஞ்சிடுச்சி… படத்துல எரிஞ்சிடுச்சி…" என்று நாலு தரம் சொன்னது. பாவமாகத்தான் இருந்தது கமலவேணிக்கு. ஆனால் பாவப்பட்டு வாயைத் திறந்தால் தன் பிழைப்பு போய்விடும். நுணலும் தன் வாயால் கெடும் என்பது அவளுக்குத் தெரியாதா?

மௌனம் அதற்குப் பிடிக்கவில்லை.

"ஏய்… உனக்கு மட்டும் சொல்லிட்டாளா? நீ இன்னா பெரிய மகாராணியாடி?"

தடுப்புத் துணி உள்பக்கமாகப் புடைத்தது. யாரோ முகத்தை வைத்து அழுத்துகிற மாதிரி. நெற்றி தெரிந்தது. மூக்கு தெரிந்தது. வாய் மூடியிருந்தது. அதற்குக் கீழே, கழுத்துக் குழியில், துணி மட்டும் உள்ளே போய் வெளியே வந்தது.

புஸ்… புஸ்…

கமலவேணி பொத்தானை அழுத்தினாள். ஒரு தடவை. இரண்டு தடவை. விடாமல் அழுத்தினாள். பொத்தானில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை. யாரும் வரவில்லை. எழுந்து ஓடலாம் என்றால் உடம்பு கேட்கவில்லை. கத்தலாம்… அவள் கத்தினால் அந்த ஈயச் சுவரும் கிழியும். ஆனால் கத்தினால் தொண்டை எரியும். எரிந்தால் வெட்டிவிடுவார்கள்.

கத்தாமல் கிடந்தாள். கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது.

பத்து நாற்பத்தொன்று.

"எட்டு மாசமா தேடறாங்க இல்ல? எங்க இருக்குதுன்னு தெரியணுமா?"

கமலவேணி காதைக் கூர்மையாக்கினாள்.

ஏனென்றால், இப்போது அது காற்றுப் பேச்சு இல்லை. குரல் இருந்தது. கனமான, உருண்ட குரல். எங்கேயோ கேட்ட குரல்.

"இங்க படுக்கறவங்கள எல்லாம் பாத்துக்கினுதான் கெடக்கறேன். யாருக்கு எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும். இடது தோள்பட்டை எலும்புக்கு மேல. மொச்சக்கொட்ட அளவு. ஒண்ணே ஒண்ணு. வேற எங்கயும் இல்ல."

எங்கே கேட்ட குரல்?

துறைமுகத்தில்.

தினமும்.

அது அவளுடைய குரல்.

ஆபரேஷன் செய்த தழும்புக்குக் கீழே ஏதோ அதிர்ந்தது. அந்தக் குரல் பேசும்போதெல்லாம் அதிர்ந்தது. நிறுத்தும்போது நின்றது. வாயை இறுக்கி மூடிக்கொண்டுதான் இருக்கிறோம் என்று அவள் சத்தியமாக நம்பினாள். ஆனால் நாக்கு உலர்ந்துகொண்டே போனது.

"சும்மாவா சொல்லுவேன்? உனக்கு உசுரு கெடச்சிது. எனக்குக் குரல் வேணும். ஏலத்துக்கு விடு."

இல்லை… இல்லை… மனசுக்குள் கதறினாள்.

"கேக்கறதுக்கு வேற ஆள் இல்ல."

பத்து ஐம்பத்தெட்டு.

"ஒரு தரம்."

அதே இழுப்பு. அதே ராகம். கடைசியில் அவள் கொடுக்கிற அதே வெட்டு.

"ரெண்டு தரம்…"

நின்றது.

ஏலம் கூறுகிறவளைக் கேட்டுப் பாருங்கள். இரண்டோடு நிறுத்த முடியாது. ஒரு நாளைக்கு இருநூறு முறை, இருபத்திரண்டு வருஷம். இரண்டு என்று காதில் விழுந்தால் மூன்று என்று நாக்கு தானாக எழும். தூக்கத்தில்கூடச் சொல்வாள் என்று மேனகா என்னிடம் சொன்னாள்.

"ரெண்டு தரம்…"

நாக்கு எழுந்தது. கடித்தாள்.

"ரெண்டு… தரம்…"

உப்புக் கரித்தது. ரத்தம்.

பதினொன்று ஒன்று.

"ரெண்டு…"

கடித்தாள்.

"தரம்…"

.

.

"மூணு தரம்."

சொன்னது அவள்தான்.

தெரிந்து சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது.

ஏசி சத்தம் திரும்பக் கேட்டது. கிர்ர்ர்… தடுப்புக்குக் கீழே பாதம் இல்லை. கடிகாரத்தில் பதினொன்று இரண்டு.

பதினொன்று பத்துக்குப் பூவிழி வந்தாள். தொம். கதவு சத்தம். கமலவேணி "பக்கத்துல யார படுக்க வெச்ச?" என்று கேட்க வாயைத் திறந்தாள். காற்று வந்தது. வெறும் காற்று. பயத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது என்று அவளும் நினைத்தாள், பூவிழியும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மெஷினுக்குள் தள்ளி இருபது நிமிஷம் படம் எடுத்தார்கள்.

படம் வந்ததும் பூவிழி ருத்ரதாண்டவம் ஆடிவிட்டாள். குரல்வளை இரண்டு பக்கமும் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது.

"அத்தன தரம் சொன்னேன்ல? ஒரு மணி நேரம் வாய வெச்சிக்கினு சும்மா இருக்க முடியாதா உங்களால? இத நான் டாக்டருக்கு எப்டி அனுப்பறது?"

கமலவேணி இரண்டு கையாலும் இல்லை இல்லை என்று ஆட்டினாள். அழுதாள். மேனகாவுக்கு வந்ததே கோபம். வீட்டில் ஆயிரம் சண்டை இருக்கட்டும், வெளியாள் அண்ணியைப் பேசினால் அவளுக்குப் பொறுக்காது. "என் அண்ணி பேசலன்னா பேசலதான். கேமரா வெச்சிருக்கல்ல, போட்டுக் காட்டு" என்று மல்லுக்கு நின்றாள்.

போட்டுக் காட்டினாள். அந்த நேரம் முழுக்க மெஷினில் வேறு ஒருத்தரைப் படம் எடுத்துக்கொண்டிருந்ததில் பூவிழியும் அதைப் பார்த்திருக்கவில்லை.

கேமராவில் ஒலி பதியாது. படம் மட்டும்தான். பத்து பத்தொன்பது வரை கமலவேணி கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள். பத்து பத்தொன்பதுக்குக் கண் திறக்கிறது. வாயும் திறக்கிறது. அதற்கப்புறம் வாய் மூடவே இல்லை. பேசுகிறாள்… பேசுகிறாள்… நாற்பத்து மூன்று நிமிஷம் விடாமல் பேசுகிறாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. கண் பயந்துபோய் அங்கும் இங்கும் ஓடுகிறது. வாய் மட்டும் சிரித்துக்கொண்டே பேசுகிறது. கட்டை விரல் பொத்தானின் மேல் அசையாமல் கிடக்கிறது. பக்கத்து நாற்காலி காலி. பதினொன்று இரண்டுக்கு வாய் மூடுகிறது.

மேனகா அங்கேயே வாந்தி எடுத்துவிட்டாள்.

டாக்டர் நல்லவர், அவசரப்படவில்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவாக எரிகிறது, பேசியதால்கூட இருக்கலாம் என்று தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். குரல்வளை சுத்தம். நோய் இல்லை. படத்தில் எரிந்த இன்னொரு இடத்தைப் பேனாவால் காட்டினார். இடது தோள்பட்டை எலும்புக்கு மேல். "சின்னதுதாம்மா. ஒரு மொச்சக்கொட்ட அளவு இருக்கும். நல்லவேளை, வேற எங்கயும் இல்ல."

கமலவேணி மயங்கி விழுந்தாள்.

ஜூன் இரண்டாம் தேதி அதை வெட்டி எடுத்தார்கள். ரத்தத்தில் அந்தக் கணக்கு இறங்கிவிட்டது. திருடன் பிடிபட்டான். பிழைத்துவிட்டாள். ஆனால் குரல் வரவில்லை. தசை நன்றாக இருக்கிறது, நரம்பு நன்றாக இருக்கிறது, ஏன் வரவில்லை என்று தெரியவில்லை என்கிறார்கள் இன்று வரை. எனக்கு நடந்ததையெல்லாம் அவள் நாற்பது பக்க நோட்டில் எழுதித்தான் காட்டினாள்.

தடைக்காலம் முடிந்து ஜூன் பதினாறாம் தேதி முதல் ஏலம். கமலவேணி வந்து நின்றாள். அவள் இடத்தில் வேறு ஒருத்தன் நின்று கூவிக்கொண்டிருந்தான். எனக்கு நல்ல மீன் கிடைத்தது. எடுத்துக்கொண்டு போக மனசு வரவில்லை. சண்டைக்காரிதான், ஆனாலும் அன்றைக்கு அவள் நின்ற நிலையைப் பார்த்து நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

ஜூன் இருபத்தொன்றாம் தேதி, காலை ஏழு மணி. துறைமுகத்துக்கு ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். பேர் சிவசங்கரி. இங்கே ஊர் ஓரத்து மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் வேலை. அந்தக் கம்பெனி உடுப்போடேயே வந்திருந்தாள். வந்த வேகத்தில் கமலவேணியின் சேலையைப் பிடித்துவிட்டாள்.

"ஏன் அப்டி பண்ண? செத்தவ மாதிரி பேசி ஏமாத்தறியே, நீயெல்லாம் பொம்பளையா?"

நான்தான் நடுவில் புகுந்து பிரித்தேன். "ஏ பொண்ணு, அவளுக்குப் பேச்சே வராது. ஒரு மாசம் ஆச்சி" என்றேன். அவள் நம்பவில்லை. "எங்க கம்பெனியில குருசுக்குப்பத்து அக்கா ஒருத்தங்க இத கேட்டாங்க. ஏலம் கூறுற கமலவேணி கொரலுன்னு சத்தியம் பண்றாங்க" என்று போனை எடுத்தாள். அவள் போனில் வருகிற பேச்செல்லாம் தானாகப் பதிவாகும்.

போடுவதற்கு முன்னால் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். சின்னப்பாப்பா என்று பேர். இதே தைராய்டு நோய். மூன்று வருஷத்துக்கு முன்னால் அதே சென்டரில் ஸ்கேன் எடுத்தார்கள். பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தனியாகப் படுத்திருந்த பயத்தில் ஒரு மணி நேரமும் அழுது புலம்பியிருக்கிறாள். படத்தில் குரல்வளை எரிந்தது. ஒரு டாக்டர், குழாய் விட்டுக்கூடப் பார்க்காமல், குரல்வளையை வெட்டி எடுத்துவிட்டார். கழுத்தில் ஓட்டை வைத்து அதன் வழியாகத்தான் மூச்சு. எடுத்ததைப் பரிசோதித்தபோது அதில் நோயே இல்லை. ஏழு மாதம் பேச்சில்லாமல் இருந்தாள். எட்டாவது மாதம் கிணற்றில் கிடந்தாள்.

"அம்மா நம்பர அப்பவே நிறுத்திட்டோம். ஆனா அந்த நம்பர்லருந்துதான் போன் வந்துது" என்றாள் சிவசங்கரி. திரையைக் காட்டினாள். மே 23. 11.02.

பதிவைப் போட்டாள். நான் என் காதால் கேட்டேன். சுற்றி நின்ற பதினைந்து பேரும் கேட்டார்கள். கமலவேணியின் குரல். சந்தேகமே இல்லை. அந்தக் கனம், அந்த உருட்டு, அந்த வெட்டு.

"பாப்பு… சாப்ட்டியாடி?"

"யாரு… யாரு பேசறது?" இது சிவசங்கரி.

"பாப்பு… எனக்குப் பேச்சி வந்துடுச்சிடி."

கொஞ்ச நேரம் அந்தப் பெண் அழுகிற சத்தம். அப்புறம் அந்தக் குரல் மறுபடியும், ரொம்ப அமைதியாக.

"அந்த டாக்டரு நம்பரு உன்கிட்ட இருக்குதுல்ல? குடு."

பதிவு அங்கேயே நின்றுவிட்டது. நான்தான் கேட்டேன்.

"பாப்புன்னு…"

"எங்க அம்மா மட்டுந்தான் கூப்புடும். அப்பாவுக்குக்கூடத் தெரியாது."

"நம்பரு… குடுத்தியா?"

"குடுத்துட்டேன்."

கமலவேணி அந்தப் போனைப் பிடுங்கிக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டாள். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். தன் குரலை அவள் கேட்டு இருபத்தொன்பது நாள் ஆகியிருந்தது. உதடு அந்தக் குரலோடு சேர்ந்து அசைந்தது, சத்தம்தான் வரவில்லை. பிறகு நோட்டை எடுத்து, எழுதிச் சிவசங்கரியிடம் காட்டினாள். 'இத எனக்கு அனுப்பு.'

மறுநாள் நான் மீன் விற்கப் போகவில்லை. சின்னப்பாப்பாவை வெட்டிய அந்த டாக்டரின் கிளினிக்கைத் தேடிப் போனேன். பூட்டியிருந்தது. வாசலில் ஒரு மாதத்துக் குப்பை. பக்கத்து மருந்துக்கடைக்காரரிடம் கேட்டேன். மே இருபத்து மூன்றாம் தேதி பகல், ஏழு பேர் உட்கார்ந்திருக்கும்போது டாக்டருக்கு ஒரு போன் வந்ததாம். எதிர்ப்பக்கம் ஒரு பொம்பளையின் பெரிய குரல், வாசல் வரைக்கும் கேட்டதாம், என்ன சொன்னாள் என்று மட்டும் யாருக்கும் புரியவில்லையாம். டாக்டர் போனை மேஜை மேல் வைத்துவிட்டு எழுந்து வெளியே நடந்தார். அந்தக் கத்திரி வெயிலில், செருப்புக்கூடப் போடாமல்.

இன்னும் திரும்பி வரவில்லை.